முப்பத்தொன்றாம் எண் வரவில்லை

எண் 27
ஆல்மன்ரோடெ, 29 அக்டோபர் 1944

அன்புள்ள தம்பி கொன்ராட்,

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை; அது எப்போதுமே என் பேச்சைக் கேட்டதில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? கடல் காற்று உனக்கு ஆகாது என்று ஏழு வயதிலேயே டாக்டர் சொன்னார். இப்போது பார், உன்னைக் கடலோரமாகவே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

உனக்குப் பதவி உயர்வு என்று பத்திரிகையில் பார்த்தேன். லெப்டினன்ட் ஜெனரல் கொன்ராட் லோஸனாவ்! உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே நம் ஊர்ப் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். அன்றைக்குக் கசாப்புக் கடை வரிசையில் எல்லோரும் ஒதுங்கி எனக்கு முன்னால் இடம் விட்டார்கள். நான் போகவில்லை. எனக்கு நீ இன்னும் மூக்கொழுகிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்து நின்ற கொன்ராட்தான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரவுன்ஷ்வைக் நகரம் குண்டு விழுந்து எரிந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இங்கிருந்து பார்த்தபோதே வானம் சிவந்து கிடந்தது. அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹெர்தா க்னோப் இரண்டு கைகளும் வெந்துபோய் இப்போது என் மாடி அறையில் இருக்கிறாள். நான்தான் ஊட்டிவிடுகிறேன். அவள் கணவன் எவால்டை உனக்குத் தெரியும். நம் வீட்டுப் புகைபோக்கியைப் பதினைந்து வருஷமாகச் சுத்தம் செய்கிறவன். புது வருஷத்தன்று அதிர்ஷ்டம் வரட்டும் என்று அவனுடைய கரிச் சட்டையை நீயும்தான் தொட்டிருக்கிறாய்.

அவன் உன் படைப்பிரிவில் சிப்பாய். விடுப்பில் வந்தவனுக்குப் பதினேழாம் தேதி கெடு. இருபத்துமூன்றாம் தேதி நம் ரயில் நிலையத்தில் வைத்து ராணுவப் போலீஸ் பிடித்துவிட்டது. ஆறு நாள் பெண்டாட்டியைத் தேடினான், அவ்வளவுதான் அவன் செய்தது. விசாரணைக்குக் கப்பலேற்றி உன்னிடமே அனுப்புகிறார்களாம். பார்த்துக்கொள்.

என்றும் உன் அக்கா
ஒட்டிலி

உன் 39-உம் 41-உம் வந்துவிட்டன. 40 வரவில்லை. கடிதத்துக்கு எண் போடுவதில் இது ஒரு வசதி, கடலுக்கு எது இரையானது என்று தெரிந்துவிடுகிறது.


எண் 42
குர்லாந்து, 14 நவம்பர் 1944

அன்புள்ள ஒட்டிலி அக்கா,

உன் 27 வந்தது. சுகமாக இருக்கிறேன். இருமல் இருக்கிறது, தொல்லையில்லை. முழங்காலுக்கு உப்பை வறுத்து ஒத்தடம் கொடு.

பதவி உயர்வுக்கு வாழ்த்தியதற்கு நன்றி. வாழ்த்தினாயா என்று மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன், வாழ்த்தியதாகவே எடுத்துக்கொள்கிறேன். போலந்து, பிரான்ஸ், ரஷ்யா என்று ஐந்து வருஷம் வரைபடத்தில் ஊசிகளை நகர்த்திக்கொண்டே இருந்தேன். இப்போது முதுகுப் பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் ரஷ்யர்கள். ஊசிகள் குத்திய இடத்திலேயே நிற்கின்றன. ‘நம்ம ஜெனரலுக்கு நட்சத்திரம் கூடக்கூட நமக்கு நிலம் குறையுதேடா’ என்று அடுத்த அறையில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. யாரென்று நான் விசாரிக்கவில்லை.

க்னோப் விஷயம். இங்கே மூன்று பேர் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவார்கள். அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அது தீர்ப்பு. அதனாலேயே அவனைப் பற்றி என் அக்கா என்னிடம் பேசக் கூடாது. இது கசாப்புக் கடை வரிசை அல்ல, ஒதுங்கி இடம் விடுவதற்கு.

ஹெர்தாவுக்கு என் அனுதாபத்தைச் சொல். வெந்த கையில் வெண்ணெய் தடவாதே.

அன்புடன்
கொன்ராட்


எண் 30
ஆல்மன்ரோடெ, 30 நவம்பர் 1944

அன்புள்ள கொன்ராட்,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். உப்பு இருந்தால் சூப்பில் போட மாட்டேனா, முழங்காலில் வைத்துக் கட்டுவேனா? உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பேசக் கூடாது என்றாய். பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. வக்கீல் வெஸல் வீட்டுக்குப் போய்ச் சட்டம் கேட்டேன். அவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘திரும்பிப் போற எண்ணம் இருந்துச்சுன்னா, லீவைத் தாண்டிட்டான், அவ்வளவுதான், ஜெயிலோட போயிடும். எண்ணம் இல்லைன்னா, ஓடிப்போயிட்டான்னு அர்த்தம். சுவத்தோரமா நிக்க வச்சுச் சுட்டுடுவாங்கம்மா. ஆனா எண்ணத்தை யாரு பார்த்தா? கூட இருந்தவங்க யாராவது வந்து சொல்லணும்.’

எவால்டோ, பிடித்தவர்களிடம் ஏதோ வைக்கோல் கொட்டகையில் ஆறு இரவும் தனியாகப் படுத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறான். அந்த வார்த்தையே அவனைக் கொன்றுவிடும் என்கிறார் வெஸல். ஹெர்தாவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘அவரா ஓடுறவரு? கூரை மேலயே அடி அடியா வச்சு நடக்குற மனுஷன்க்கா அவரு’ என்றாள். பிறகு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை உதவாது, நான் துடைத்தேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அக்கா
ஒட்டிலி


எண் 31
ஆல்மன்ரோடெ, 3 டிசம்பர் 1944

அன்புள்ள கொன்ராட்,

உன் நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வைக்கோல் கொட்டகை என்பது பொய். ஆறு இரவும் எவால்ட் படுத்தது நம் வீட்டுச் சலவைக் கொட்டகையில். நான்தான் அப்பாவின் பழைய மெத்தையை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விடியுமுன் கிளம்பிப் பிரவுன்ஷ்வைக்குக்கு நடந்தே போவான். செங்கலைப் புரட்டிப் புரட்டி நகமெல்லாம் பிய்ந்து வருவான். ஆறாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையாக்கி வைத்திருக்கிறார்களே அங்கே, ஹெர்தாவைக் கண்டுபிடித்துத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான்.

மறுநாள் காலை குளித்து, பூட்ஸைத் துடைத்து, என்னிடம் ஊசி நூல் கேட்டான். ‘பொத்தான் ஒண்ணு ஆடுதும்மா. இதோட போனா உங்க தம்பி என்னைக் கிழிச்சிடுவாரு’ என்றான். நான் இன்னும் ஒரு நாள் இருந்து போ என்றேன். அதைச் சொன்னது நான், அவன் அல்ல. ‘வேணாம்மா. ஏற்கெனவே ஆறு நாள் ஆயிடுச்சு. போய் வாங்கிக் கட்டிக்கிறேன்’ என்றான். ரயில் நிலையம் வரை கூடவே போனேன். கப்பல் துறைக்குப் போகும் ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. ஹெர்தா தனியாக இருக்கிறாளே என்று திரும்பிவிட்டேன். நின்றிருந்தால் அங்கேயே போலீசிடம் எல்லாம் சொல்லியிருப்பேன்.

என் பெயர் வரக் கூடாது என்றுதான் அவன் கொட்டகைக் கதை கட்டியிருக்கிறான். அவன் உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தான், கொன்ராட். இந்தக் கடிதத்தை அவன் கோப்பில் வை. கீழே முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடம் கொடுத்தவளுக்கு என்ன நடக்கும் என்றும் வெஸலைக் கேட்டுவிட்டேன். தெரிந்தேதான் எழுதுகிறேன். எனக்கு அறுபத்தொன்று, அவனுக்கு முப்பத்தொன்பது.

ஒட்டிலி யோஹன்னா லோஸனாவ்


எண் 45
குர்லாந்து, 18 டிசம்பர் 1944

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நீ பின்னி அனுப்பிய காலுறை வந்தது, ஒன்று கொஞ்சம் நீளம். நலமாக இருக்கிறேன்.

உன் 30-உம் 32-உம் ஒரே பையில் வந்தன. 32-இல், 31 வந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறாய். வரவில்லை. இந்த மாதம் தபால் கப்பல் ஒன்று மூழ்கியது, அதோடு போயிருக்கும். போனது போகட்டும். அதில் என்ன எழுதியிருந்தாலும் மறுபடி எழுதாதே, யாரிடமும் சொல்லாதே. வெஸல் வீட்டுக்கும் இனிப் போக வேண்டாம். அவர் வாய் நீளம்.

குளிர் அதிகம். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள். சலவைக் கொட்டகையில் கிடக்கும் அப்பாவின் மெத்தையை எரித்துவிடு, ஈரத்தில் பூச்சி வைக்கும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. வரைபடத்தில் மாற்றமில்லை.

அன்புடன்
கொன்ராட்


எண் 33
ஆல்மன்ரோடெ, 2 ஜனவரி 1945

கொன்ராட்,

புது வருஷம் பிறந்தது. இந்த முறை தொட்டுக்கொள்ள யாருடைய கரிச் சட்டையும் இல்லை. நான் நலம்.

சின்ன வயதில் நீ ஜாமைத் திருடித் தின்றுவிட்டு, ‘எனக்கு பிளம்ஸ் ஜாமே பிடிக்காது’ என்று நீயாகவே வந்து சொல்வாய். எந்த ஜாம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐம்பத்துநாலு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை. அப்பாவின் மெத்தை இருபது வருஷமாகப் பரணில் கிடந்தது. அது சலவைக் கொட்டகைக்கு இறங்கி வந்ததை நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதினேன். 31-இல்.

ஆக, படித்துவிட்டாய். ஒரு வகையில் நிம்மதி. நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். நீ கோப்பில் வைக்கத் தயங்கினால் நானே வைக்கிறேன். அதே வாசகத்தைப் பிரதி எடுத்து உன் படைப்பிரிவின் நீதிமன்றத்துக்கு நேராக இன்று தபாலில் போட்டுவிட்டேன். உனக்குச் சங்கடம்தான். உன் பதவிக்கு ஆபத்துகூட வரலாம். ஆனால் தம்பி, பதவி போனால் வீட்டுக்கு வருவாய், நான் சூப் ஊற்றுவேன். எவால்டுக்கு அந்த வசதி இல்லை.

மெத்தையை எரிக்க மாட்டேன். கேட்டால் காட்டுவதற்கு வேண்டும்.

அக்கா


எண் 48
குர்லாந்து, 17 ஜனவரி 1945
(காயம்பட்ட கேப்டன் ஒருவர் ஊருக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.)

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலமென்றுதான் எழுத வேண்டும்.

நீ நீதிமன்றத்துக்கு அனுப்பியது நேற்று வந்தது. தபால் பையை இப்போதெல்லாம் நானே பிரிக்கிறேன். அது கோப்புக்குப் போகவில்லை. போகக் கோப்பும் இல்லை. சிப்பாய் எவால்ட் க்னோப்பின் தண்டனை டிசம்பர் 16 காலை எட்டு மணிக்கு நிறைவேற்றப்பட்டது. முந்தின நாள் நான் கையெழுத்திட்டேன்.

ராணுவ நீதிபதி பாகல் என் மேஜை முன் வந்து நின்று சொன்னார்: ‘ஜெனரல், அவன் தனியாத்தான் படுத்தேன்னு சாதிக்கிறான். யாரையோ மறைக்கிறான். எனக்கு ரெண்டு நாள் கொடுங்க, கக்க வச்சிடறேன்.’ உன் 31 அப்போது என் மேல்சட்டைப் பைக்குள் இருந்தது. தண்டனையைக் குறைத்தால் காரணம் எழுத வேண்டும். மேலிடம் கோப்பைக் கேட்கும், விசாரணையை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தள்ளிப்போட்டால் பாகலுக்கு இரண்டு நாள் கிடைக்கும். எல்லாப் பக்கமும் நடந்து பார்த்தேன், அக்கா. எந்தப் பக்கம் போனாலும் உன் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. ‘வேண்டாம், தெளிவான வழக்கு, முடித்துவிடுங்கள்’ என்றேன். பாகல் சந்தோஷமாகப் போனார்.

அவன் கடைசிவரை வைக்கோல் கொட்டகை என்றே சொன்னான். பொத்தான்கள் எல்லாம் சரியாக இருந்தன.

உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

கொன்ராட்


எண் 51
குர்லாந்து, 26 பிப்ரவரி 1945

அன்புள்ள அக்கா,

சுகமா? உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கும் மேலாக ஒன்றும் இல்லை. கேப்டன் வந்து கடிதத்தைக் கொடுத்தாரா? இருமல் கொஞ்சம் அதிகம். எனக்கு இன்னொரு பதக்கம் கொடுத்திருக்கிறார்கள், ஐந்தாவது முறையும் பின்வாங்காமல் நின்றதற்கு. பின்வாங்கினால் தண்ணீருக்குள்தான் போக வேண்டும் என்பதை யாரும் குறிப்பிடவில்லை.

34-ஐ எதிர்பார்க்கிறேன்.

கொன்ராட்


எண் 54
குர்லாந்து, 30 மார்ச் 1945

அன்புள்ள அக்கா,

34 வரவில்லை. காரணம் கப்பலா, நீயா?

இங்கே மற்றவர்களின் கடிதங்கள் வருகின்றன. என் ஓட்டுநருக்கு அவன் மாமியாரிடமிருந்து மூன்று வந்தன. ‘அவங்க திட்டி எழுதினாலும் வந்து சேருது பாருங்க, ஜெனரல்’ என்றான். திட்டியாவது எழுது. வெற்று உறை போதும், உன் கையெழுத்தில் என் பெயர் இருந்தால் போதும். பதினோராயிரம் பேருக்கு நடுவில் இருக்கிறேன், பேச ஆளில்லை.

உன் தம்பி
கொன்ராட்


எண் 34
ஆல்மன்ரோடெ, 8 ஏப்ரல் 1945

கொன்ராட்,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ விரும்பியபடியே.

கேப்டன் வந்தார். உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பிப்ரவரியில் ஹெர்தாவுக்கும் ஒரு தாள் வந்தது. இரண்டே வரி, பத்திரிகையில் மரண அறிவிப்பு போடக் கூடாது என்பது இரண்டாவது வரி. அவள் என்னைத்தான் கேட்டாள்: ‘உங்க தம்பிக்கு எதுவுமே தெரியாதாக்கா? தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா?’ என் கடிதம் கடலில் போய்விட்டது என்றேன். ‘பாவம், அவரு என்ன பண்ணுவாரு’ என்று உனக்காக அவள் வருத்தப்பட்டாள். இரண்டு மாதம், ஒவ்வொரு கரண்டி சூப்போடும் உன் பொய்யை நான் அவளுக்கு ஊட்டினேன். அதனால்தான் உனக்கு எழுத என் கை வரவில்லை.

நேற்று சொல்லிவிட்டேன். 31 போய்ச் சேர்ந்தது, என் தம்பி படித்தான், படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான் என்று. இப்போது அவளால் விரல்களை மடக்க முடிகிறது. கரண்டியை என் கையிலிருந்து வாங்கி மீதியைத் தானே குடித்தாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன். போகவில்லை. அவள் போகாததும் எனக்குத் தண்டனையாகத்தான் இருக்கிறது.

இப்போது உனக்கு. நான் தராசில் என்னை வைத்தேன். பைத்தியக்காரத்தனமாக வைக்கவில்லை, சட்டம் கேட்டு, இரண்டு நாள் யோசித்து, முழுப்பெயரும் எழுதி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. நீ என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் அவனை வைத்தாய். உன்னை யார் கேட்டது? ஒரு குன்றுக்காக ஆயிரம் பேரைச் சாகச் சொல்கிறவனுக்கு ஓர் அக்காவைச் சாகவிட மனம் வரவில்லையாம். இதை நினைக்கும்போது உன்மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது. அந்தப் பாசத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் மூச்சு வருகிறது, அது எவால்டுடையது. இந்த வீட்டை விட்டு நான் எங்கே போவேன்?

இருமலுக்கு வெங்காயச் சாறு குடி. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஒட்டிலி

(உறையின் மேல் முத்திரை: கொண்டுசேர்க்க வழியில்லை. அனுப்பியவருக்கே திரும்புகிறது.)


போர்க்கைதி அஞ்சலட்டை
சோவியத் ஒன்றியம், 11 ஆகஸ்ட் 1946
(இருபத்தைந்து சொற்களுக்கு மிகாமல்)

அன்புள்ள அக்கா. உயிரோடு இருக்கிறேன், கைதி முகாமில். இருமல் பரவாயில்லை. நீ உயிரோடு இருக்கிறாயா? உன் முழங்கால் எப்படி? 34 வரவேயில்லை. உண்மையாகவே வரவில்லை. எழுதினாயா, இல்லையா? பதில் போடு. உன் தம்பி கொன்ராட்.


அதனுடன் இணைந்த பதில் அட்டை
ஆல்மன்ரோடெ, 19 அக்டோபர் 1946
(இருபத்தைந்து சொற்களுக்கு மிகாமல்)

ஜெனரல் அவர்களுக்கு. உங்கள் அக்கா நலம். என்னோடுதான் இருக்கிறார். முழங்கால் வலி மட்டும். நீங்கள் அவரைக் காப்பாற்றினீர்கள். என் கணவரும் அவரைத்தான் காப்பாற்றினார். எவால்ட் அன்று உங்கள் படைக்குத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஹெர்தா க்னோப்.